மூலையில் இருந்த பொத்தான்

ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றிக் கொமியுனிகேஷன் கடைகள் நிறைய உண்டு. பெயரில்தான் தொலைபேசி இருக்கிறது. நடப்பதெல்லாம் போட்டோ கொப்பி, ஈ.பி.எஃப். படிவம், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு. அப்படி ஒரு கடைக்கு அண்மையில் புதுக் கணினி வந்தது. விண்டோஸ் 11. உருட்டிய மூலைகளும் பால்கண்ணாடி போன்ற பட்டிகளுமாகப் பார்க்க லட்சணமாகவே இருந்தது. கடைக்கார அண்ணன் அதற்கு மின்சாரம் கொடுத்ததும் செய்த முதல் வேலை, திரையின் அடியில் நடுவில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை இடது மூலைக்கு மாற்றியது.

"நடுவுல இருந்தா பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா கை அங்க போக மாட்டேங்குது தம்பி" என்றார்.

கை போகாததற்குக் கணக்கு உண்டு. போல் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் அதை எழுதிவைத்தார். இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறி ஒரு கோலால் தொடச் சொல்லி, தகட்டின் அகலத்தையும் இடைவெளியையும் மாற்றி மாற்றி நேரம் பார்த்தார். தூரம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதில்லை. ஒரு சிறிய நிலையான அளவே கூடுகிறது. இலக்கின் அகலம் பாதியானாலும் அதே அளவு கூடுகிறது. கைக்கு முக்கியம் தூரமும் அகலமும் தனித்தனியே அல்ல, அவற்றுக்கிடையிலான விகிதம். 1978இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஸ்டுவர்ட் கார்டும் அவர் கூட்டாளிகளும் மவுஸும் இதே விதிக்குக் கட்டுப்படுகிறது என்று காட்டினார்கள்.

இந்தக் கணக்கில் திரையின் மூலைக்குத் தனிச் சலுகை இருக்கிறது. மவுஸின் அம்புக்குறி திரையை விட்டு வெளியே போக முடியாது. எவ்வளவு வேகமாக எறிந்தாலும் ஓரத்தில் முட்டி நின்றுவிடும். ஆகவே மூலையில் உள்ள பொத்தான் கண்ணுக்கு எவ்வளவு சிறியதானாலும், கைக்கு அது எல்லையில்லாத அகலமுள்ள பொத்தான். குறி பார்க்கவே தேவையில்லை. ஐம்பது வயதில் முதன்முதலாக மவுஸ் பிடிப்பவருக்கும், கை நடுங்குபவருக்கும், தேய்ந்த மவுஸை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவருக்கும் இது பெரிய உதவி.

விண்டோஸ் 95இல் இந்தச் சலுகையைக் கையில் வைத்துக்கொண்டே வீணாக்கியிருந்தார்கள். பொத்தானை மூலையிலிருந்து ஓரிரு புள்ளி உள்ளே தள்ளி, சுற்றி அழகான விளிம்பு விட்டு வரைந்திருந்தார்கள். மூலையிலேயே அமத்தினால் ஒன்றும் நடக்காது. எக்ஸ்பி வந்தபோது அந்த இடைவெளி போயிற்று. 2021 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11, பொத்தானையே மூலையிலிருந்து கிளப்பி நடுவுக்குக் கொண்டுபோனது. அதோடு விடவில்லை. அடிப்பட்டி நடுவில் நிற்பதால், நிரல்களைத் திறக்கத் திறக்கப் பட்டி இருபுறமும் நீண்டு ஸ்டார்ட் பொத்தான் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்கிறது. காலையில் இருந்த இடம் மத்தியானம் இல்லை. கை மனப்பாடம் செய்த இடத்தைக் கண் மறுபடி தேட வேண்டும். தொடுதிரைக்கு ஓரத்தின் சலுகை கிடையாது, மிக அகலமான திரையில் மூலை வெகுதூரம் என்று அவர்கள் பக்கத்து நியாயமும் உண்டு. அமைப்புகளில் போய் இடப்பக்கம் மாற்றிக்கொள்ள வழியும் விட்டிருக்கிறார்கள். அந்த வழி தெரிந்தவர்தான் நம் கடைக்கார அண்ணன்.

இவ்வளவு தெரிந்த நிறுவனங்கள் ஏன் இதைச் செய்கின்றன? அழகு விற்கும், அதனால். இது வெறும் வியாபாரப் பேச்சில்லை. இதற்குப் பின்னால் முப்பது வருட ஆராய்ச்சி இருக்கிறது.

ஜப்பானின் ஹிட்டாச்சி வடிவமைப்பு நிலையத்தில் மசாக்கி குரோசு, கஓரி கஷிமுரா என்ற இருவர் ஏ.டி.எம். இயந்திரத் திரைக்கு 26 வகையான அமைப்புகளை வரைந்து 252 பேருக்குக் காட்டினார்கள். எது அழகு, எது பாவிக்க இலகு என்று புள்ளியிடச் சொன்னார்கள். எண் பலகை எங்கே இருக்கிறது, பொத்தான்கள் வேலையின் ஒழுங்கில் இருக்கின்றனவா என்பன போன்ற, உண்மையிலேயே வேலையை இலகுவாக்கும் அம்சங்கள் மக்களின் தீர்ப்போடு அதிகம் பொருந்தவில்லை. பொருந்தியது அழகுதான். அழகென்று பட்டதை இலகு என்றும் சொன்னார்கள். 1995இல் இது வெளியானபோது இஸ்ரேலின் நோம் டிராக்டின்ஸ்கிக்கு நம்பிக்கை வரவில்லை. ஜப்பானியர் அழகுணர்வு மிக்கவர்கள், காரியமே கண்ணான தன் நாட்டார் அப்படி ஏமாற மாட்டார்கள் என்று எண்ணி 1997இல் அதே சோதனையைத் தன் நாட்டில் செய்து பார்த்தார். அங்கே அந்தப் பொருத்தம் ஜப்பானைவிடக் கூடுதலாக இருந்தது.

2006இல் கனடாவில் கித்தே லிண்ட்கார்ட் குழுவினர், ஒரு பக்கம் கவர்ச்சியானதா இல்லையா என்ற தீர்ப்புக்கு 50 மில்லிசெக்கன் போதும் என்று காட்டினார்கள். ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு. கை மவுஸைத் தொடும் முன்பே கண் முடிவெடுத்துவிடுகிறது.

கதை அங்கேயே நின்றிருந்தால் அலங்காரக்காரர்கள் வென்றுவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்ளலாம். 2012இல் அலெக்சாந்தர் டுக் முதலானோர் வெளியிட்ட ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. ஒரே இணையக்கடையை நான்கு விதமாகச் செய்தார்கள்: அழகும் இலகுவும் கொண்டது, அழகு மட்டும், இலகு மட்டும், இரண்டும் இல்லாதது. பார்க்க வைத்ததோடு நிற்காமல் சாமான் தேடச் சொன்னார்கள். தேடி முடித்த பிறகு கேட்டபோது, பாவிக்கக் கடினமாக இருந்த கடையின் அழகுக்கான புள்ளியும் விழுந்திருந்தது. எரிச்சல் பட்டவன் கண்ணுக்கு அழகும் தெரிவதில்லை. அழகாக இருந்ததற்காக யாரும் அதை இலகு என்று சொல்லவுமில்லை.

இரண்டு முடிவுகளும் முரண்படுவதுபோலத் தோன்றும். ஆனால் அவை வெவ்வேறு நேரத்தில் எடுத்த தீர்ப்புகள்: ஒன்று கை வைப்பதற்கு முன், மற்றது பின். மலையகத்தில் இதைப் புரிந்துகொள்ள யாரும் கஷ்டப்பட வேண்டியதில்லை. தேயிலை சுவை பார்க்கும் அறையில் காய்ந்த இலையைத் தட்டில் பரப்பித் தோற்றத்துக்கு ஒரு மதிப்பு, ஐந்தாறு நிமிடம் ஊறவைத்து வடித்த சாயத்துக்கு வேறொரு மதிப்பு. ருகுணுப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை, கம்பிபோல் முறுகிய இலையின் தோற்றத்துக்காக மத்திய கிழக்கில் விலைபோகிறது. நுவரெலியாவிலும் டிம்புள்ளையிலும் விளைவது மணத்துக்கும் சாயத்துக்கும் பேர்போனது. தட்டில் பரப்பினால் ஒன்றுமில்லாதது போலிருக்கும் டஸ்ட், கோப்பையில் விழுந்ததும் காட்டும் கடுப்பைச் சொல்லத் தேவையில்லை. கொழும்பு ஏலத்தில் 1883 முதல் இப்படித் தோற்றமும் சாயமும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கணினி வாங்கும்போது மட்டும் தட்டைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கிறோம். கோப்பையைக் குடிப்பவர் வேறு ஆள்.

அந்த வேறு ஆள் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் போடும் கிளாக்கராக இருக்கலாம். யார் வேலைக்கு வந்தார், முழுப் பேரா அரைப் பேரா, கொழுந்து எத்தனை கிலோ என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருக்கும் பதிய வேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிய பழைய மென்பொருள்களில் மவுஸுக்கே வேலையில்லை. இடது கை விரல் தாளில் வரிசையாக இறங்கும். வலது கை எண் பலகையில் கிலோவை அடித்து என்டரைத் தட்டும். அடுத்த கட்டம் தானாக வரும். அப்படி அடிக்கும் கிளாக்கரைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அவர் திரையைப் பார்ப்பதே அபூர்வம். இதற்குப் பதிலாக வண்ணப் பெட்டிகளும் கீழிறங்கும் பட்டியல்களும் கொண்ட அழகான திரை வந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மவுஸால் அமத்த வேண்டியதானால் என்ன நடக்கும்?

அதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்டுவர்ட் கார்ட், தோமஸ் மோரன், அலன் நியூவெல் மூவரும் 1980இல் விசைத்தட்டு அளவிலான ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். பழகியவர் ஒரு விசையைத் தட்ட ஏறத்தாழ 0.2 செக்கன். மவுஸால் ஓரிடத்தைக் குறிவைக்க 1.1 செக்கன். கை விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குப் போக 0.4, திரும்பி வர இன்னொரு 0.4. அமத்த ஒரு 0.2 வைத்துக்கொண்டால், ஒரு கட்டத்துக்கு மவுஸ் வழியில் 2.1 செக்கன், என்டர் வழியில் 0.2. 300 பேர் பதியும் தோட்டம், ஆளுக்கு மூன்று கட்டம் என்றால் 900 தடவை. கட்டத்துக்கு 1.9 செக்கன் வீதம் பார்த்தால் நாளுக்கு 1,710 செக்கன், அதாவது ஏறத்தாழ அரை மணித்தியாலம். யோசிக்கும் நேரம் இதில் சேரவில்லை. மாதத்தில் 25 நாள் பதிந்தால் பன்னிரண்டு மணித்தியாலம், ஒன்றரை நாள் வேலைக்குச் சமம். இந்த அரை மணித்தியாலம் எந்த விலைப்பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. மென்பொருளை வாங்கிய தலைமை அலுவலகத்துக்கு அது தெரியவே தெரியாது. சம்பள நாளுக்கு முதல்நாள் இரவு எட்டு மணிக்கும் அலுவலகத்தில் வெளிச்சம் எரிந்தால், அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் இந்த மவுஸுடையது.

அழகுக்கு இன்னொரு விலையும் உண்டு. அதை இயந்திரம் கொடுக்கும். 2007 ஜனவரியில் வந்த விண்டோஸ் விஸ்டாவின் ஏரோ தோற்றத்தை நினைவிருக்கிறதா? சாளரங்களின் விளிம்பு கண்ணாடியாகி, பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும். அதற்கு முன் ஒரு சாளரம் இன்னொன்றை மறைத்தால், மறைந்த பகுதியைக் கணினி மறந்துவிடும். வெளியே வரும்போது திரும்ப வரைந்துகொள்ளும். கண்ணாடி வேண்டுமென்றால் மறக்க முடியாது. ஒவ்வொரு சாளரத்தையும் தனிப்படமாக நினைவகத்தில் வைத்திருந்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இறுதிப் படத்தைச் செய்ய வேண்டும். 1024க்கு 768 என்ற சாதாரணத் திரையில் 7,86,432 புள்ளிகள். புள்ளிக்கு நான்கு பைட் என்றால் முழுச் சாளரம் ஒன்றுக்கே 3 மெகாபைட். மங்கல் காட்ட, கண்ணாடிக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரி எடுக்க வேண்டும். ஏதாவது அசைந்தால் மீண்டும் முதலிலிருந்து. இதற்கென்றே குறைந்தது 128 மெகாபைட் நினைவகமுள்ள வரைகலை அட்டை வேண்டுமென்றார்கள். அது இல்லாத கணினிகளிலும் விஸ்டாவுக்கு ஏற்றது என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றதாக அமெரிக்காவில் வழக்கே நடந்தது.

அங்கே வழக்கு. இங்கே, கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் மலையேறி வந்து பாடசாலைகளிலும் தனியார் வகுப்புகளிலும் இரண்டாம் பிறவி எடுத்துக்கொண்டிருந்தன. கணினி திருத்தும் பையன்கள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மை கம்பியூட்டரில் வலது கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், பெர்ஃபோமன்ஸ், பெஸ்ட் பெர்ஃபோமன்ஸ். ஒரே ஒரு வட்டத்தில் புள்ளி வைத்தால் நிழல், கண்ணாடி, அசைவு எல்லாம் ஒரேயடியாகப் போய், திரை சாம்பல் நிறத்தில் பழைய விண்டோஸ் 98 மாதிரி நிற்கும். கணினி மூச்சு வாங்காமல் ஓடும். இந்த வைத்தியத்துக்கு இருநூறு முந்நூறு ரூபாய் வாங்கியவர்களும் உண்டு.

நல்ல வைத்தியம்தான், ஆனால் முரட்டு வைத்தியம். அந்த ஒரு புள்ளி, இருபதுக்குக் கிட்டிய சின்னச் சின்ன அமைப்புகளைக் கண்மூடித்தனமாக அணைத்துவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அலங்காரம். இரண்டு அப்படியல்ல. ஒன்று, எழுத்தின் ஓரங்களை மென்மையாக்கும் அமைப்பு. ஆங்கிலத்துக்கு அது போனாலும் சமாளிக்கலாம். தமிழின் சுழிகள் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து, ணகரமும் னகரமும் ஒன்றையொன்று பார்த்து முழிக்கும். மற்றது, சாளரத்தைச் சுருக்கும்போது அது சிறுத்துக்கொண்டே கீழ்ப்பட்டிக்குள் போய் அடங்கும் அசைவு. அது கால் செக்கன் அளவான காட்சி, அனுபவசாலிக்கு வீண். புதிதாகப் பழகுபவருக்கு அது ஒரு செய்தி: உன் கடிதம் அழியவில்லை, இதோ இங்கே போய் இருக்கிறது. அசைவை நிறுத்தியதும் சாளரம் சட்டென்று மாயமாகும். "ஃபைல் காணாமப் போச்சு" என்று பதறி மறுபடி முதலிலிருந்து அடித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் திரும்பக் கொளுத்தினால் போதும். பழைய இயந்திரமும் தாங்கும்.

அழகுக்கு ஆதரவாகச் சொல்ல இன்னும் இருக்கிறது. டொனால்ட் நோர்மன் 1988இல் கதவுப் பிடியையும் அடுப்புத் திருகையும் வைத்து வடிவமைப்பாளர்களின் காதைத் திருகியவர். அவரே 2004இல் எழுதிய புத்தகத்தில், கவர்ச்சியான பொருள்கள் நன்றாக வேலை செய்கின்றன என்றார். பதற்றத்தில் இருப்பவரின் கவனம் ஒரு புள்ளியில் ஒடுங்கிவிடும். வேறு வழி தோன்றாது. மனம் இலேசாக இருப்பவர் ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்றை முயன்று பார்ப்பார். தோட்டத்துப் பிரஜாசக்தி நிலையத்தில் முதன்முதலாகக் கணினி முன் அமரும் ஒருவருக்கு இது பொருந்தும். அவருக்கு இருப்பது ஒரே பயம், பழுதாக்கிவிடுவேனோ என்பது. எக்ஸ்பியின் பச்சை மலையும் நீல வானமும் அந்தப் பயத்தைக் கொஞ்சமாவது தணித்தன என்றே நினைக்கிறேன்.

அந்தப் படம் இங்கே பல சுவர்களில் காட்சியாகவும் தொங்கியது. தேயிலை மலைக்காரர்களுக்கு அது சொந்த ஊர்ப்படம் மாதிரி. எடுத்தவர் சார்ல்ஸ் ஓரியர். எடுத்தது 1996இல், கலிபோர்னியாவின் சொனோமாவில். அங்கே திராட்சைக் கொடிகளை பைலொக்செரா என்ற பூச்சி அழித்ததால் அவற்றைப் பிடுங்கிப்போட்டார்கள். வெறுமையான சரிவில் புல் முளைத்தது. அந்தப் புல்தான் படத்தில் இருப்பது. நம் மலைகளிலும் 1869இல் தொடங்கிய கோப்பி இலை நோய் வந்து கோப்பியைத் துடைத்துப்போட்ட பிறகே தேயிலை மூடியது. ஒரு பயிர்நோயின் அடையாளம் உலகத்தின் கோடிக்கணக்கான திரைகளில் அழகாக உட்கார்ந்திருந்தது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது.

அழகில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை வருவது, எது பொத்தான் எது வெறும் எழுத்து என்று காட்டும் அடையாளங்களைக் குப்பை என்று கூட்டித் தள்ளும்போது. 2012-13க்குப் பிறகு தட்டையான தோற்றம் நாகரிகமாயிற்று. புடைத்து நின்ற பொத்தான்கள் தரையோடு தரையாயின. முகப்புகள் பாவிக்க இலகுவா என்று ஆராயும் நீல்சன் நோர்மன் குழு 2017இல் 71 பேரை வைத்துப் பார்த்தது. அடையாளம் மங்கிய பக்கங்களில் தேடியதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு 22 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தது. எழுத்தும் கூடவே வெளிறியது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டுமென்பது இணையத்துக்கான சர்வதேச வழிகாட்டி. வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுதி அழகு பார்ப்பவர்கள் பெரும்பாலும் 3ஐக்கூட எட்டுவதில்லை. தமிழுக்கு இந்த வெளிறல் இரட்டைத் தண்டனை. சிறிய எழுத்தில் நம் புள்ளி ஒன்றோ இரண்டோ திரைப்புள்ளிதான். அது மங்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும். மேலே எழும் ஈகாரச் சுழியும் கீழே தொங்கும் ஊகார வாலும் ரோமன் எழுத்தின் உயரத்துக்கு அளந்த பெட்டிக்குள் அடங்குவதில்லை. தலையும் வாலும் வெட்டுண்ட தமிழை நாம் இத்தனை திரைகளில் பார்த்துப் பழகிவிட்டதால் அது குறையாகவே படுவதில்லை.

ஒப்பிடப் பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றுப் பக்கத்தைப் பாருங்கள். அழகுப் போட்டியில் அது தேறாது. பரீட்சையைத் தெரிவு செய்ய வேண்டும், சுட்டெண்ணை அடிக்க வேண்டும், ஒரு பொத்தானை அமத்த வேண்டும். லயத்தில் ஒரே ஒரு கையடக்கத் தொலைபேசியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றாலும் பெறுபேறு வந்துவிடுகிறது.

பெருநிறுவனங்களும் இதில் சூடுபட்டிருக்கின்றன. 2012 ஒக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். மூலைக்குப் போனால் தெரியும் என்றார்கள், ஆனால் மூலைக்குப் போகச் சொல்லும் அடையாளம் எதுவும் திரையில் இல்லை. அனுபவமுள்ள 12 பேரை வைத்துச் சோதித்த ஜேகப் நீல்சன், புதியவருக்கும் பழையவருக்கும் ஒன்றுபோல் ஏமாற்றம் என்று எழுதினார். ஒரே வருடத்தில், 8.1இல் பொத்தான் திரும்பி வந்தது.

லினக்ஸ் உலகில் இதே சண்டை 2011 ஏப்ரலில் க்னோம் 3 என்ற முகப்பு வெளியானபோது நடந்தது. சுத்தமான திரை வேண்டுமென்று சுருக்கும் பொத்தான், பெருக்கும் பொத்தான், முகப்பில் வைக்கும் கோப்புகள் எல்லாவற்றையும் கண்ணில் படாமல் ஆக்கினார்கள். லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எளிமையான எக்ஸ்எஃப்சிஈக்குப் போனார். பழைய க்னோமைக் கைவிட மனமில்லாதவர்கள் அதை மாடே என்ற பெயரில் தனியாக வளர்த்தார்கள். இலங்கையில் இந்தச் சண்டைக்கு ஒரு நல்ல தீர்வு அப்போதே கையில் இருந்தது. கண்டியை ஒட்டிய தேயிலை மலையின் பெயரைத் தாங்கிய ஹந்தான லினக்ஸ், தனிஷ்க நவீன் முதலான ஆர்வலர்கள் ஃபெடோராவை அடியாக வைத்துச் செய்தது. அதன் ஒரே டிவிடி தட்டில் க்னோம், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்டிஈ, பிள்ளைகளுக்கான சுகர் என்று பல முகப்புகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். புதுக் கணினி இருப்பவர் பளபளப்பைத் தெரிவு செய்யலாம். கழித்த கணினி இருப்பவர் இலேசானதை எடுக்கலாம். எந்த முகப்பு நல்லது என்ற தீர்ப்பைச் செய்தவர்கள் தங்களிடம் வைத்துக்கொள்ளவில்லை. அது எவ்வளவு தோட்டப் பாடசாலைகளை எட்டியது என்பதைவிட, அந்தத் தெரிவை யாரிடம் விட்டார்கள் என்பதே எனக்குப் பிடித்தது.

ஒரு முகப்பு பாவிக்க இலகுவா என்று அறியப் பெரிய செலவு வேண்டாம். ஒரு ஆளை உட்கார வைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். உதவி செய்யக்கூடாது, அதுதான் கஷ்டம். நீல்சனும் தோமஸ் லாண்டவரும் 1993இல் போட்ட கணக்குப்படி, சராசரியாக ஒருவர் கோளாறுகளில் 31 சதவீதத்தைக் காட்டிக்கொடுப்பார். மிஞ்சுவது 0.69. அதை ஐந்து தடவை பெருக்கினால் 0.16, ஆக ஐந்து பேரிலேயே 85 சதவீதத்துக்குக் கிட்டிய கோளாறுகள் வெளியே வந்துவிடும். இதில் ஒரு நிபந்தனை உண்டு: பாவிக்கப்போகிறவர்கள் பல வகையென்றால் ஒவ்வொரு வகையிலிருந்தும் சிலர் வேண்டும். தொகைமதிப்புத் திணைக்களம் கணினி அறிவை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் அளக்கிறது. தோட்டம்தான் கடைசியில் நிற்கிறது. கொழும்பில் செய்யும் மென்பொருளுக்கு ஐந்து பேரைக் கூப்பிடும்போது பொகவந்தலாவையிலிருந்து யார் போகிறார்கள்?

இந்தக் கேள்வி இப்போது கணினித் திரையைத் தாண்டிவிட்டது. சில தோட்டங்களில் கொழுந்து மடுவத்துக்கு இலத்திரனியல் தராசு வந்திருக்கிறது. அட்டையைக் காட்டிக் கொழுந்தை நிறுத்தால் கணக்கு நேரே கணினிக்குப் போகும். அழகு அழகில்லை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, வெறும் எண்கள். ஆனால் பாவிக்க இலகுவா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. திரை கணக்கப்பிள்ளையின் பக்கம் பார்த்திருந்தால் அது அவருக்கு இலகு. சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பது நிறுவையில் தலைமுறைகளாக நடக்கும் தகராறு. கடைசி எண்ணை மட்டும் காட்டும் திரை அந்தத் தகராறைத் தீர்க்காது; பழைய வட்டத் தராசின் முள்ளையாவது இரண்டு பக்கத்தாரும் பார்த்தார்கள். மொத்தம், கழிவு, மிச்சம் என்று மூன்று வரி, நாலு முழம் தள்ளி வரிசையில் நிற்பவருக்கும் தெரியும் அளவு எண்கள், கொழுந்து கொட்டுபவரின் பக்கம் திரும்பிய இன்னொரு சிறு திரை. வெயிலிலும் மழையிலும் தெரிய வேண்டுமென்பதால் கறுப்பில் சிவப்போ பச்சையோ போதும். இதைச் செய்யக் கண்ணாடியும் வேண்டாம், அசைவும் வேண்டாம். வாங்கும் முன் தராசை மடுவத்தில் வைத்து ஐந்து பெண்களிடம் நிறுத்துப் பார்க்கச் சொன்னால், முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.